கணக்குத் திரை மட்டும் குறுக்காக: ஒரே ஆப்பில் திரைக்குத் திரை ஓரியன்டேஷன்

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடுக்கும் ஏஜென்ட்டுகளுக்காக ஒரு ஆப் செய்து வருகிறோம். நானும் இன்னொரு தம்பியும், இரண்டே பேர். ஆப்பில் 11 திரைகள். அதில் 9 திரைகளைப் போனை நிமிர்த்தி (போர்ட்ரெய்ட்) பிடித்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு மட்டும் குறுக்கே (லேண்ட்ஸ்கேப்) திரும்பினால்தான் பயன்: மாதக் கணக்கு ஒன்று, கையெழுத்து ஒன்று. திரை நிற்கும் இந்த நிலைக்குத்தான் ஓரியன்டேஷன் என்று பெயர். சொல்லும்போது அரை நாள் வேலை போலத் தெரியும். ஆனால் இதற்கு ஏழெட்டு வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் காலை வாரிவிடுகிறது. ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டோம். அடுத்து யாராவது இதே முடிவை எடுக்க உட்கார்ந்தால் அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் இலை ஷெட்டில் நடப்பதைச் சொல்கிறேன். அதைப் பார்க்காமல் எந்த வழி நல்லது என்று பேச முடியாது.

மதியத்துக்கு மேல் ஊர்ப் பெண்கள் சாக்குகளைச் சுமந்துகொண்டு வருவார்கள். ஏஜென்ட் ஒரு கையால் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டுகிறார், மறு கையில் போன். எண்ணை அடிப்பது ஒரே ஒரு கட்டைவிரல். அடித்து முடித்ததும் போனை இலைச் சாக்கின் மேல் படுக்க வைத்துவிட்டு அடுத்த சாக்கைத் தூக்கப் போவார். போன் முழுக்கப் படுத்துக் கிடக்கும்போது புவியீர்ப்பு திரைக்கு நேர் பின்னால் இழுக்கிறது. எது மேல், எது கீழ் என்று சென்சாரால் சொல்ல முடியாது, அதனால் கடைசியாக இருந்த நிலையையே வைத்துக்கொள்ளும். மறுபடி கையில் எடுக்கும்போது கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்தால் போதும், திரை புரண்டுவிடும்.

எங்கள் முதல் வடிவம் காட்லின் மொழியில் எழுதிய சாதாரண ஆண்ட்ராய்டு ஆப். எந்தத் திரைக்கும் அதை ஒரே நிலையில் பூட்டும் லாக் போடவில்லை. ஒரு நாள் ஏஜென்ட் ஒருவர் போன் செய்து, "தம்பி, 18 கிலோ 400 வேற ஆளுக்கு ஏறியிருக்கு, அந்தம்மா வந்து நிக்குது" என்றார். போய்ப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. ஆண்ட்ராய்டில் திரை திரும்பினால், நாம் வேறு ஏற்பாடு செய்யாதவரை, அந்த ஆக்டிவிட்டி (திரையைத் தாங்கும் பகுதி) அழிந்து புதிதாக உருவாகும். எடையை அடித்த பெட்டிக்கு ஐடி இருந்தது, எனவே அதிலிருந்த எண்ணைச் சிஸ்டமே காப்பாற்றித் திருப்பிக் கொடுத்தது. எந்த உறுப்பினர் (இலை கொடுப்பவர்) என்ற தேர்வை நான் ஒரு வெறும் மாறியில் வைத்திருந்தேன். அது போய், பட்டியலின் முதல் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. எடை சரி, ஆள் தப்பு. எல்லாம் அழிந்திருந்தால்கூட அவர் கவனித்து மறுபடி அடித்திருப்பார். பாதி நின்று பாதி அழிந்ததுதான் ஆபத்தாகப் போனது.

அன்றைக்கே எல்லாத் திரையையும் போர்ட்ரெய்ட்டில் லாக் செய்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. ஆனால் லாக் இந்த நோய்க்கு மருந்தே இல்லை. இரவு டார்க் மோட் மாறினாலும், செட்டிங்ஸில் எழுத்தின் அளவைக் கூட்டினாலும், மொழியை மாற்றினாலும், ஸ்ப்ளிட் ஸ்க்ரீனில் வைத்தாலும் ஆக்டிவிட்டி இதே மாதிரிதான் அழிந்து பிறக்கும். தேர்ந்தெடுத்த உறுப்பினரை, ஆக்டிவிட்டி அழிந்து பிறந்தாலும் நிற்கும் வியூமாடலுக்குள் கொண்டுபோனோம், சிஸ்டம் ஆப்பையே கொன்றுவிடும் நேரத்துக்காக சேவ்டுஸ்டேட்ஹேண்டிலிலும் வைத்தோம். ஓரியன்டேஷன் லாக்கைப் பற்றி யோசிக்கும் யாரும் முதலில் இதை முடித்துவிடுங்கள். தகவல் பாதுகாப்பாக இருந்தால், லாக் என்பது வசதிக்கான விஷயமாக மட்டும் மிஞ்சும். அதை நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

இனி வழிகள்.

லாக்கே போடாமல் விடுவது

கொள்கை அளவில் இதுதான் சிறந்தது. வலைப் பக்கங்களுக்கும் ஆப்புகளுக்கும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்படும் டபிள்யூசிஏஜி 2.1 (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த ஏதுவான அணுகல் விதிகள்), 2018-இல் வந்தது, அதன் 1.3.4-ஆம் விதி இதையே சொல்கிறது: அந்தக் காரியத்துக்கு இன்றியமையாததாக இருந்தால் தவிர, உள்ளடக்கத்தை ஒரே நிலையில் பூட்டக் கூடாது. சக்கர நாற்காலியின் கைப்பிடியில் போனையோ டேப்லெட்டையோ பொருத்தி வைத்திருப்பவர் அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது. நாம் ஒரு நிலையைக் கட்டாயமாக்கினால் அவருக்குக் கழுத்துதான் திரும்ப வேண்டும். அந்த விதி காட்டும் விதிவிலக்குகள் காசோலை, பியானோ போன்றவை. என் எடைத் திரை அந்த வரிசையில் வராது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற வழிகளைப் பார்க்கிறேன்.

நடைமுறையில் இடித்தது வேறு. எங்கள் ஏஜென்ட்டுகளில் பெரும்பாலோர் ஆட்டோ ரொட்டேட்டை அணைத்தே வைத்திருக்கிறார்கள். லாக் போடாமல் விட்டால் அவர்களுக்குக் கணக்குத் திரை எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். ஆண்ட்ராய்டு 9 முதல், போனைச் சாய்த்தால் ஓரத்தில் ஒரு சின்னச் சுழல் பட்டன் வரும், அதைத் தொட்டால் திரும்பும். அப்படி ஒன்று வருவதை நான் காட்டும்வரை ஒருவரும் கவனித்ததில்லை.

கணக்குத் திரையில் 7 பத்திகள்: தேதி, மொத்த எடை, சாக்கு, ஈரக் கழிவு, நிகர எடை, விலை, தொகை. சாதாரண ஆண்ட்ராய்டு போனின் அகலம் 360 டிபி (ஆண்ட்ராய்டில் திரையை அளக்கும் அலகு) என்று வைத்தால், ஒரு பத்திக்கு 51 டிபி. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் 60 வயதுக்காரருக்கு அதில் ஆயிரத்தைத் தாண்டிய தொகை நிற்காது, உடைந்து இரண்டு வரியாகும். குறுக்கே போட்டால் ஒரு பத்திக்கு 100 டிபிக்கு மேல் கிடைக்கிறது. தேதிப் பத்தியை மட்டும் நிறுத்தி வைத்து மற்றதைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் வடிவத்தையும் செய்தோம். ஏஜென்ட்டுக்கு அது பழகிவிட்டது. ஆனால் இந்தத் திரையை அவர் தனியாகப் பார்ப்பதில்லை, எதிரே நிற்கும் விவசாயியிடம் திருப்பிக் காட்டுகிறார். "கழிவு எங்கே, தொகை எங்கே" என்று தள்ளித் தள்ளிக் காட்டும்போது ஏதோ மறைக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. மொத்த எடையும் ஈரக் கழிவும் நிகர எடையும் ஒரே பார்வையில் ஒரே வரியில் நிற்க வேண்டும். மழை நாளில் கழிவு பற்றித்தான் பேச்சே வளரும்.

குறுக்கே போடுவதிலும் இழப்பு உண்டு. 360 டிபி உயரத்தில் ஸ்டேட்டஸ் பாருக்கு 24, தலைப்புப் பட்டைக்கு 56 போனால் மிச்சம் 280. வரிக்கு 40 என்றால் பத்தித் தலைப்பும் 6 நாட்களும்தான் தெரியும். ஆனாலும் தேதியை மேலும் கீழும் தள்ளுவது எல்லோருக்கும் பழக்கமான கை வேலை. பக்கவாட்டில் தள்ளுவது அப்படியில்லை. அதனால் கணக்குத் திரைக்கு லேண்ட்ஸ்கேப் என்று முடிவு செய்தோம்.

ஆண்ட்ராய்டில் மேனிஃபெஸ்ட்டில் எழுதிவைப்பது

ஒவ்வொரு ஆக்டிவிட்டிக்கும் மேனிஃபெஸ்ட்டில் (ஆப்பைப் பற்றிய விவரங்களைச் சிஸ்டத்துக்குச் சொல்லும் கோப்பு) ஸ்க்ரீன்ஓரியன்டேஷன் என்று ஒரு பண்பு உண்டு. கணக்கு ஆக்டிவிட்டிக்கு லேண்ட்ஸ்கேப், மற்றவற்றுக்குப் போர்ட்ரெய்ட் என்று எழுதினால் வேலை முடிந்தது. உள்ளே ஒரு வரி கோடும் (நிரலும்) தேவையில்லை. திரை பிறக்கும்போதே சரியான நிலையில் பிறக்கும், மூடினால் முந்தைய திரை தன் நிலையில் நிற்கும்.

இதில் ஒரு சின்னத் தேர்வு இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வெறும் லேண்ட்ஸ்கேப் என்று போட்டால் ஒரே பக்கமாகத்தான் திரும்பும். சார்ஜர் ஒயர் குத்துகிறது என்று போனை மறுபுறம் பிடிப்பவருக்கு எழுத்து தலைகீழாகத் தெரியும். சென்சார்லேண்ட்ஸ்கேப் என்றால் இரண்டு குறுக்கு நிலைகளுக்கும் சென்சார் படி மாறும், பயனர் ஆட்டோ ரொட்டேட்டை அணைத்திருந்தாலும் மாறும். யூசர்லேண்ட்ஸ்கேப் என்றால் அந்த விருப்பத்தை மதிக்கும். எங்கள் கணக்குத் திரைக்குச் சென்சார்லேண்ட்ஸ்கேப்தான் பொருந்தியது, ஏனென்றால் எதிரே நிற்பவருக்குத் திருப்பிக் காட்டுவதே அந்தத் திரையின் வேலை.

இன்னொன்று, பின்னால் இருக்கும் திரை தெரியும்படி ஒளி ஊடுருவும் தீம் கொடுத்த ஆக்டிவிட்டிக்கு ஓரியன்டேஷன் போட்டால் ஆண்ட்ராய்டு 8.0 போனில் ஆப் அப்படியே விழுந்துவிடும். முழுத் திரையை மறைக்கும் ஆக்டிவிட்டி மட்டுமே ஓரியன்டேஷன் கேட்கலாம் என்று பிழைச் செய்தி வரும். பழைய போன்கள் இங்கே இன்னும் ஓடுகின்றன, அதனால் சொல்கிறேன்.

இந்த வழியின் குறை ஒன்றே ஒன்று: திரைக்கு ஒரு ஆக்டிவிட்டி வேண்டும். இப்போது எழுதப்படும் ஆப்புகள் பெரும்பாலும் ஒரே ஆக்டிவிட்டிக்குள் எல்லாத் திரைகளையும் வைக்கின்றன. உங்கள் ஆப் அப்படியில்லை என்றாலோ, ஒரே ஒரு திரையைத் தனி ஆக்டிவிட்டியாகப் பிரிக்க முடியும் என்றாலோ, இதற்கு மேல் படிக்கவே வேண்டாம். இதையே செய்யுங்கள்.

ஓடும்போது கட்டளையிடுவது

ஒரே ஆக்டிவிட்டி என்றால் மிஞ்சுவது செட்ரெக்வெஸ்டட்ஓரியன்டேஷன் என்ற அழைப்பு. கணக்குத் திரைக்குள் வரும்போது லேண்ட்ஸ்கேப் என்று சொல்ல வேண்டும், வெளியே போகும்போது போர்ட்ரெய்ட் என்று திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாச் சிக்கலும் இந்தத் "திருப்பிச் சொல்ல வேண்டும்" என்பதில்தான் பிறக்கிறது.

மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது முன்பே எழுதிவைத்த விதி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் லாரிக்காரர் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இறங்கிப் பேசி முடிவெடுப்பதில்லை. மேனிஃபெஸ்ட்டில் எழுதுவது அந்த மாதிரி. திரை தன் நிலையை அறிவித்துவிட்டு நிற்கிறது, சிஸ்டம் தேவைப்படும்போது கேட்டுக்கொள்கிறது. ஓடும்போது கட்டளையிடுவதோ வளைவுக்கு வளைவு கை காட்டுவது. ஒருவர் கை காட்ட மறந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்பும் வேறுபாடு இதுதான்: எந்த ஃப்ரேம்வொர்க் ஆனாலும், திரை அறிவிக்கிறதா, கட்டளையிடுகிறதா என்று பாருங்கள். அறிவிக்கும் வழி இருந்தால் அதை எடுங்கள்.

ஆண்ட்ராய்டில் திரைகளை எழுத உதவும் கம்போஸில் டிஸ்போசபிள்எஃபெக்ட் வைத்து, நுழையும்போது பழைய நிலையைச் சேமித்து, வெளியேறும்போது அதையே திருப்பி வைக்கும் ஒரு துண்டுக் கோடு பரவலாகச் சுற்றுகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் திரை திரும்பும்போது ஆக்டிவிட்டியே அழிந்தால், அந்த அழிவிலும் வெளியேறும் பகுதி ஓடும். நாம் "பழைய நிலை" என்று சேமித்தது உண்மையிலேயே பழையதா, நாமே சற்று முன் போட்டதா என்று நம்ப முடியாமல் போகிறது. பழையதைச் சேமிக்காதீர்கள். எந்தத் திரைக்கு எது என்று பெயர் சொல்லியே போடுங்கள்.

ஃப்ளட்டரில்

ஆப்பின் இரண்டாம் வடிவத்தை, ஒரே கோடில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் எழுத உதவும் ஃப்ளட்டரில் எழுதினோம். ஃப்ளட்டர் தரும் ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட்டில் ஓரியன்டேஷன், ஸ்க்ரீன்சைஸ் மாற்றங்களை ஆப்பே பார்த்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே எழுதியிருக்கும், எனவே ஆக்டிவிட்டி அழிவதில்லை. அந்த 18 கிலோ 400 கதை இதில் நடக்காது. ஆனால் லாக் போடுவதற்கு இருப்பது சிஸ்டம்குரோமின் செட்பிரிஃபர்டுஓரியன்டேஷன்ஸ் என்ற ஒரே அழைப்பு, அது முழு ஆப்புக்கும் பொது. திரைக்கு என்று தனியாக எதுவும் இல்லை.

எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம்: கணக்குத் திரையின் இனிட்ஸ்டேட்டில் (திரை பிறக்கும்போது ஓடுவது) லேண்ட்ஸ்கேப், டிஸ்போஸில் (திரை அழியும்போது ஓடுவது) போர்ட்ரெய்ட். இரண்டு இடத்தில் அடி விழுந்தது. கணக்கிலிருந்து பின்னால் வரும்போது டிஸ்போஸ் உடனே ஓடுவதில்லை, வெளியேறும் அனிமேஷன் முடிந்த பிறகுதான் ஓடும். அதுவரை உறுப்பினர் பட்டியல் குறுக்கே விரிந்து கிடந்து, பிறகு நிமிரும். கண்ணுக்கு ஒரு திடுக்கிடல். இது சின்னது. பெரியது புஷ்ரிப்ளேஸ்மென்ட்டில் வந்தது. கணக்கிலிருந்து நேராகக் கையெழுத்துத் திரைக்கு மாற்றினால், புதிய திரையின் இனிட்ஸ்டேட் முதலில் ஓடி லேண்ட்ஸ்கேப் கேட்கும். பழைய திரையின் டிஸ்போஸ் அதற்குப் பின் ஓடிப் போர்ட்ரெய்ட் என்று சொல்லிவிட்டுப் போகும். கடைசியாகச் சொன்னவர் சொல்தான் நிற்கும். கையெழுத்துத் திரை குறுக்கே திறந்து, கண் முன்னால் நிமிர்ந்துவிடும்.

இதற்குக் கோடில் கண்ட தீர்வு, கட்டளையை அறிவிப்பாக மாற்றுவது. ஒவ்வொரு திரையின் பெயருக்கும் எதிரே அதன் நிலையை ஒரே பட்டியலில் எழுதினோம். திரைகளை மாற்றும் நேவிகேட்டருக்கு, அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும் ஒரு அப்சர்வரை வைத்தோம். ஒரு திரை ஏறினாலும் இறங்கினாலும் மாறினாலும் நீங்கினாலும், இப்போது மேலே இருப்பது எது என்று அது பார்க்கிறது, பட்டியலில் அதற்கு எதிரே உள்ளதைப் போடுகிறது. சிஸ்டம்குரோமை அழைக்கும் வரி ஆப் முழுவதிலும் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான். திரைகளுக்குள் ஓரியன்டேஷன் பற்றி ஒரு எழுத்தும் கிடையாது. பின்னால் போகும் செய்தி அனிமேஷன் தொடங்கும்போதே அப்சர்வருக்கு வந்துவிடுவதால் அந்தத் திடுக்கிடலும் குறைந்தது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: டயலாக், பாட்டம் ஷீட் எல்லாமும் நேவிகேட்டருக்கு ரூட்தான், அதாவது இன்னொரு திரை மாதிரிதான். முழுப் பக்கங்களை மட்டும் கணக்கில் எடுக்கும்படி வடிகட்டாவிட்டால், "அழிக்கவா?" என்ற பெட்டி திறந்ததும் கணக்குத் திரை நிமிர்ந்து நின்றுவிடும்.

ரியாக்ட் நேட்டிவ் எழுதுபவர்களுக்கு இதில் அதிர்ஷ்டம். ரியாக்ட் நேவிகேஷனின் நேட்டிவ் ஸ்டாக்கில் ஒவ்வொரு திரைக்கும் ஓரியன்டேஷன் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. திரையைப் பதியும் இடத்திலேயே எழுதிவிடலாம், மேனிஃபெஸ்ட் மாதிரி. அது இருக்கும்போது தனி லைப்ரரி வைத்து ஃபோகஸ் வரும்போதும் போகும்போதும் லாக்கை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வலை ஆப்பாகச் செய்பவர்களுக்கு நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. பிடபிள்யூஏ (போனில் ஆப் போல நிறுவிக்கொள்ளும் வலைத்தளம்) மேனிஃபெஸ்ட்டில் எழுதும் ஓரியன்டேஷன் முழு ஆப்புக்குமானது. பக்கத்துக்குப் பக்கம் பூட்ட இருக்கும் லாக் அழைப்பு ஆண்ட்ராய்டு குரோமில் முழுத் திரை நிலையில் வேலை செய்யும், ஐபோன் சஃபாரியில் செய்யாது.

ஐபோனில்

எங்களிடம் ஐபோன் வைத்திருக்கும் ஏஜென்ட் குறைவு. ஆனால் ஃபேக்டரி அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர்களிடம் இருக்கிறது. ஐஓஎஸ்ஸின் அமைப்பு அடிப்படையில் அறிவிப்பு முறைதான். ஆப் எந்தெந்த நிலைகளை ஏற்கிறது என்று ஒரு பட்டியல், மேலே இருக்கும் வியூ கன்ட்ரோலர் (ஒரு திரையை நடத்தும் பகுதி) எவற்றை ஏற்கிறது என்று ஒரு பட்டியல், இரண்டிலும் பொதுவாக இருப்பதைச் சிஸ்டம் எடுத்துக்கொள்கிறது. பொதுவாக எதுவுமே இல்லாதபடி எழுதிவைத்தால் ஆப் கிராஷ் ஆகும்.

ஆப்பின் பட்டியலை இன்ஃபோ பிளிஸ்ட் என்ற அமைப்புக் கோப்பில் எழுதலாம், ஆப் டெலிகேட் என்ற கோடுப் பகுதியிலும் சொல்லலாம். டெலிகேட் சொன்னால் அதுதான் செல்லும். இதை வைத்து ஒரு நல்ல காரியம் செய்யலாம்: பிளிஸ்ட்டில் போர்ட்ரெய்ட் மட்டும் எழுதுங்கள், டெலிகேட்டில் லேண்ட்ஸ்கேப்பையும் சேருங்கள். போனைக் குறுக்கே பிடித்துக்கொண்டு ஆப்பைத் திறந்தாலும் தொடக்கத் திரை நிமிர்ந்தே வரும், பிறகு கணக்குத் திரை தாராளமாகத் திரும்பும்.

மாட்டிக்கொள்ளும் இடம், திரைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் நேவிகேஷன் கன்ட்ரோலர். அது தன்னுள்ளே இருக்கும் திரையிடம் கேட்பதில்லை, தன் பதிலையே சொல்லிவிடும். கணக்குத் திரையில் என்ன எழுதினாலும் பலன் இருக்காது. நேவிகேஷன் கன்ட்ரோலரை சப்கிளாஸ் செய்து, உச்சியில் இருக்கும் திரையைக் கேட்கச் சொல்ல வேண்டும். டேப் பாருக்கும் இதே கதைதான். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் கணக்குத் திரையை அந்த அடுக்கில் புஷ் செய்யாமல், தனியாக எழும் முழுத் திரை மோடலாகத் திறவுங்கள். அப்போது சிஸ்டம் அந்தத் திரையையே நேராகக் கேட்கும்.

ஐஓஎஸ் 16-க்கு முன், சாதனத்தின் ஓரியன்டேஷன் மதிப்பைப் பின்வழியாக மாற்றி எழுதித் திரையைத் திருப்பும் ஒரு குறுக்கு வழி பரவலாக இருந்தது. 16-இல் அது நின்றுவிட்டது. இப்போது விண்டோ சீனிடம் ஜியாமெட்ரி அப்டேட் கேட்பதுதான் முறை. என் பட்டியல் மாறிவிட்டது, மறுபடி கேள் என்று வியூ கன்ட்ரோலர் தெரிவிக்கவும் தனி அழைப்பு உண்டு. பழைய கட்டுரைகளிலிருந்து கோடு எடுப்பவர்கள் ஆண்டைப் பார்த்து எடுங்கள்.

திரையைத் திருப்பாமல் உள்ளே இருப்பதை மட்டும் திருப்புவது

இந்த வழியை நான் முதலில் மதிக்கவே இல்லை, ஒட்டு வேலை என்று நினைத்தேன். கையெழுத்துத் திரை என் எண்ணத்தை மாற்றியது.

இங்கே வயதான பெண்கள் பலர் கையெழுத்து என்று கிறுக்குவதில்லை. முழுப் பெயரையும் தமிழில் எழுத்தெழுத்தாக எழுதுகிறார்கள். சுட்டுவிரலைத் திரையில் ஊன்றி, ஒரு எழுத்து முடிந்ததும் தூக்கி, கொஞ்சம் யோசித்து அடுத்ததை வைப்பார்கள். நிமிர்ந்த திரையில் மூன்றாவது எழுத்திலேயே ஓரம் வந்துவிடும். மிச்சத்தைக் கீழே எழுதுவார்கள், இல்லையென்றால் நெருக்கி நெருக்கி எழுதிப் புள்ளி எந்த எழுத்துக்கு என்றே தெரியாமல் போகும். அகலம் கண்டிப்பாக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், போன் அப்போது கைமாறுகிறது. ஏஜென்ட் நீட்டுகிறார், அந்தம்மா வாங்குகிறார், சாக்கு மேல் வைக்கிறார். சென்சார்லேண்ட்ஸ்கேப் வைத்தபோது நடு எழுத்தில் திரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரண்டது. ஒரே பக்கமாகப் பூட்டியபோது புரளவில்லை, ஆனால் திரை திரும்பும் அந்தச் சுழற்சியையே பார்த்துவிட்டு, தான் எதையோ கெடுத்துவிட்டதாக நினைத்து ஒரு பாட்டி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு ஆப்பைப் போர்ட்ரெய்ட்டிலேயே விட்டுவிட்டு, எழுதும் பலகையை மட்டும் ஃப்ளட்டரின் ரொட்டேட்டட்பாக்ஸுக்குள் வைத்துக் கால் சுற்றுத் திருப்பினோம். விரல் தொடும் இடங்களும் சேர்ந்தே திரும்பிவிடுவதால் கோடு விரலுக்குக் கீழேயே விழுகிறது, படமும் அகலமாகவே சேமிக்கப்படுகிறது. திரை சுழலவே இல்லை. தாளைத் திருப்பி வைத்த மாதிரி, பலகை ஏற்கெனவே குறுக்கே இருக்கிறது.

எல்லா இடத்துக்கும் இது ஆகாது. கீபோர்டு திரும்பாது, ஸ்டேட்டஸ் பார் திரும்பாது, டயலாக்கும் கீழே எழும் அறிவிப்புப் பட்டையும் நிமிர்ந்தே வரும். அதனால் "அழி", "சரி" பட்டன்கள் இரண்டையும் திருப்பிய பலகைக்குள்ளேயே வைத்தோம், உறுதி கேட்கும் பெட்டியை எடுத்துவிட்டோம். எண்ணோ எழுத்தோ அடிக்க வேண்டிய திரையில் இதைத் தொடாதீர்கள்.

பெரிய திரைகள் இனி நம் பேச்சைக் கேட்பதில்லை

மேலே சொன்ன எல்லா லாக்கையும் ஓரிடத்தில் சிஸ்டமே ஒதுக்கிவிடுகிறது. ஆண்ட்ராய்டு 16 முதல், அந்த ஏபிஐ நிலையை (ஆண்ட்ராய்டு பதிப்புக்கான எண்), அதாவது 36-ஐ டார்கெட் செய்யும் ஆப் சிறிய பக்க அகலம் 600 டிபிக்குக் குறையாத திரையில் ஓடினால், அது கேட்கும் ஓரியன்டேஷன் பொருட்படுத்தப்படாது. டேப்லெட், மடக்கு போனின் உள்திரை எல்லாம் இதில் வரும். கேம்களுக்கு மட்டும் விலக்கு. தற்காலிகமாக விலகிக்கொள்ள மேனிஃபெஸ்ட்டில் ஒரு வழி கொடுத்திருக்கிறார்கள், அடுத்த ஏபிஐ நிலையில் அதுவும் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். டார்கெட் நிலையை உயர்த்தச் சொல்லிப் பிளே ஸ்டோர் ஆண்டுதோறும் கேட்கும், தள்ளிப்போட முடியாது. ஸ்ப்ளிட் ஸ்க்ரீனில் இருக்கும்போது ஓரியன்டேஷன் கேட்டால் பலிக்காது என்பது ஆண்ட்ராய்டு 7-இலிருந்தே உள்ளது. ஐபேடிலும் பல ஆப் ஒன்றாக ஓடும் ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டால் இதே நிலைதான்.

இது சரியான திசை என்றே நினைக்கிறேன். 10 அங்குல டேப்லெட்டில் ஒரு ஆப் நடுவில் ஒல்லியாக நின்று இருபுறமும் கறுப்பாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது யாருக்கும் உதவியதில்லை. லாக் என்பதை ஒரு வேண்டுகோளாக மட்டும் நினைத்து எழுதுங்கள். மறுக்கப்பட்டால் திரை அழகு குறையலாம், வேலை நிற்கக் கூடாது.

நாங்கள் எடுத்த முடிவு

சிறிய பக்கம் 600 டிபிக்குக் கீழே இருந்தால் மட்டும் லாக். எடைத் திரையும் பட்டியல்களும் போர்ட்ரெய்ட், அப்சர்வர் வழியாக. கணக்குத் திரை இரண்டு குறுக்கு நிலைகளுக்கும் திறப்பு. கையெழுத்துத் திரை போர்ட்ரெய்ட், உள்ளே திருப்பிய பலகை. 600-க்கு மேல் எங்கும் லாக் கிடையாது, கிடைக்கும் அகலத்தைப் பார்த்துத் திரை தன்னை அமைத்துக்கொள்ளும். டேப்லெட்டில் நிமிர்ந்த நிலையிலேயே 7 பத்திகளும் நிற்கின்றன, 31 நாளில் பெரும்பகுதி ஒரே பார்வையில் தெரிகிறது.

செட்டிங்ஸில் ஒரு சுவிட்சும் வைத்தோம்: "திரையைப் பூட்டாதே". அதைப் போட்டால் அந்தப் பட்டியலே செயலிழந்து, எல்லாத் திரையும் போனின் விருப்பப்படி திரும்பும். 1.3.4-ஆம் விதிக்கு என்னால் செய்ய முடிந்த நியாயம் அது. கணக்குத் திரை நிமிர்ந்து நிற்க நேர்ந்தால் தேதிப் பத்தி நின்று மற்றவை பக்கவாட்டில் நகரும் அந்தப் பழைய வடிவம் வரும். அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் ஒரு பழைய ஆண்ட்ராய்டு 8 போனையும் ஒரு டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போகிறோம். உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து எடையைப் பாதி அடித்த நிலையில் போனைச் சாக்கு மேல் போட்டு எடுப்பது, எழுத்தின் அளவைக் கூட்டிவிட்டு ஆப்புக்குத் திரும்புவது, கணக்கிலிருந்து கையெழுத்துக்கும் அங்கிருந்து பட்டியலுக்கும் வேகமாகத் தாவுவது, கணக்கு திறந்திருக்கும்போது ஒரு அழைப்பை எடுத்துப் பேசிவிட்டு வருவது. ஈரக் கையோடும் செய்து பார்க்கிறோம். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியில் இறங்கிவிட்டால் ஷெட்டில் யார் கையும் காய்ந்திருக்காது.